பெரிய வண்டி மாடி வீட்டுக்குப் போனது

12 மே 2025, திங்கள்

புது வண்டி வந்தது. வெள்ளை. நாலு பேர் உட்காரலாம் என்கிறார்கள், அதில் இரண்டு பேர் ஒல்லியாக இருக்க வேண்டும். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். என் வீட்டுக்காரர் "எவ்ளோ சுளுவா திரும்புது பாரு பாக்யா" என்று தெருமுனை வரை போய்ப் போய் வந்தார். ஐம்பது தாண்டிய மனிதருக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது.

பெரிய வண்டியை ஏன் விற்றீர்கள் என்றால் வரிசையாகக் காரணம் சொல்வார். பையன் ஜெர்மனிக்குப் போய்விட்டான், இருப்பது நாம் இரண்டு பேரும் அம்மாவும். மிஷன் வீதியில் நிறுத்த இடமில்லை. தம்பியோடு சேர்ந்து நடத்தும் ஐஸ் கம்பெனி வாசலில் கப்பல் மாதிரி வண்டியில் போய் இறங்கக் கூச்சமாக இருக்கிறது. எல்லாம் சரி. யாருக்கு விற்றார்? மாடியில் குடியிருக்கும் தம்பி கலைச்செல்வனுக்கு. "வெளியாள் கைக்குப் போறதுக்கு செல்வா கைக்குப் போவட்டுமே" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடமாக அதை ஓட்டியவள் நான்தானே?

ஆக, வண்டி வீட்டை விட்டுப் போகவில்லை. போர்டிகோவில் இடது பக்கம் நின்றது, இன்று முதல் வலது பக்கம் நிற்கிறது. சாவி மட்டும் மாடி ஏறிவிட்டது.

13 மே

கோலம் போடக் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது.

25 மே, ஞாயிறு

சுமலதா ஓட்டப் பழகிவிட்டாள். கலைச்செல்வன் மனைவி, என் ஓரகத்தி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதனால் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்வாள். "அக்கா, ஒன்னாம் நம்பர் பட்டன்ல ஒங்க சீட் அளவு இருக்குது. அழிச்சிட்டு என்னுத போட்டுக்கட்டுமா?" என்று வந்து கேட்கிறாள்.

"ஒன் வண்டி. என்ன ஏன் கேக்குற" என்று சிரித்தேன். சிரித்த வாய் வலித்தது.

அழித்துவிட்டாள். அந்தப் பட்டனை அமுக்கினால் சீட்டு தானாக நகர்ந்து வந்து என் இடுப்புக்குச் சரியாக நிற்கும். இனி அவள் இடுப்புக்கு நிற்கும். கண்ணாடியில் ஒரு முத்துமாலை வேறு தொங்குகிறது. மல்லிகை வாசனைக்கு ஒரு டப்பா. எனக்கு வண்டிக்குள் வாசனையே ஆகாது. எனக்கு ஆகாவிட்டால் யாருக்கு என்ன?

அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி பெத்தாங் ஆடப் போய்விட்டார்கள். மண் தரையில் இரும்புக் குண்டு வீசிவிட்டு வெயிலில் கறுத்து வருவார்கள். போனது சின்ன வண்டியில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அவர்களுக்கு எந்த வண்டியாக இருந்தாலும் ஒன்றுதான்.

9 ஜூன், திங்கள்

குருசுக்குப்பத்துச் சித்தி போன் செய்தாள். மகனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேண்டும். எங்கள் சொந்தத்தில் மூன்று மாப்பிள்ளைகள் பெரிய வண்டியில்தான் ஊர்வலம் வந்தார்கள். மூன்றுக்கும் நான்தான் ஓட்டினேன். பெண்பிள்ளை மாப்பிள்ளை வண்டி ஓட்டுகிறாள் என்று தெருவே வந்து பார்க்கும். பந்தியில் என்னைத் தேடி வந்து கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்.

"எந்தத் தேதி சித்தி?" என்று காலண்டரைப் புரட்டினேன்.

"அதில்லடி. சுமலதா நம்பர் எங்கிட்ட இல்ல. அத கொஞ்சம் குடேன்" என்றாள்.

ஒரு எண்ணை மாற்றிச் சொல்லலாமா என்று தோன்றாமல் இல்லை. சரியாகத்தான் கொடுத்தேன். எங்களிடமும் வண்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாலை போட்ட மாப்பிள்ளையை இதற்குள் உட்காரவைத்தால் கதவு சாத்தாது.

2 ஜூலை

பெரிய வண்டி கரண்டில் ஓடுவது. அதன் ஆப் என் போனில் அப்படியே இருக்கிறது. வாங்கியபோது என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவர் போனிலும் அதே கணக்குதான். தம்பி பேருக்கு மாற்றும் வேலையை இருவரும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டிருக்கிறார்கள். சுமலதா கார்டு சாவியை வைத்தே ஓட்டுகிறாள்.

திறந்து பார்த்தேன். வண்டி எங்கே நிற்கிறது, சார்ஜ் எவ்வளவு, எல்லாம் தெரிகிறது. இங்கே உட்கார்ந்தபடி ஏசி போடலாம், சார்ஜ் ஏறுவதை நிறுத்தலாம். இப்போது காலாப்பட்டில் நிற்கிறது. அவளுக்குக் காலாப்பட்டில் என்ன வேலை?

3 ஜூலை

காலாப்பட்டில் அவள் தங்கை வீடு. பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த ஆப்பை அழித்துவிட வேண்டும்.

10 ஜூலை

அழிக்கவில்லை.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அத்தை, என் மாமியார், வீராம்பட்டினத்தில் பிறந்தவர். ஆடி வெள்ளி தவறாமல் பிறந்த ஊர் அம்மனைப் பார்க்க வேண்டும், அதுவும் முன் சீட்டில் உட்கார்ந்து போய் இறங்க வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அழைத்துப் போவது என் வேலை. முதலில் ஸ்கூட்டர், பிறகு எத்தனையோ வண்டிகள். மூத்த மருமகள் என்பதற்கு இந்த வீட்டில் எனக்கிருக்கும் ஒரே அடையாளம் அது.

மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு சின்ன வண்டியின் கதவைத் திறந்து வைத்து நின்றேன். அத்தை வந்தார். வலது பக்கம் திரும்பினார். "முட்டி மடங்கலடி பாக்யா. அதுல ஏறி எறங்க சொகமா இருக்குது" என்றார்.

பின்னாலேயே தனியாக ஓட்டிப் போனேன். அரியாங்குப்பம் தாண்டும்வரை அந்த வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டே. கோயில் வாசலில் அத்தையின் பிறந்த வீட்டுச் சனங்கள் சுற்றிக்கொண்டார்கள். "சின்ன மருமவளா ஓட்டியாந்தா? கெட்டிக்காரிதான்" என்றார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. யார் படிக்கப் போகிறார்கள்?

14 ஆகஸ்ட், வியாழன்

நாளை ஆடி ஐந்தாம் வெள்ளி, வீராம்பட்டினத்துத் தேர். சுமலதா சென்னைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். அத்தைக்கு அரக்குப் பட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். அத்தை அதைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று, "தேருக்கு இதத்தான் கட்டப்போறேன்" என்றார். தேருக்கென்று நான் வாங்கிக் கொடுத்தது பீரோவில் மடித்தபடி இருக்கிறது. அத்தைக்கு நினைவே இல்லை.

வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். ஆப்பைப் பார்த்தேன். நாலு சதவீதம். வழியில் எங்கும் போடவில்லை போலிருக்கிறது. மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு சார்ஜை நிறுத்தினேன்.

ஏன் என்று தெரியாது. இல்லை, தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டுவிடுவேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

போடவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை.

நானும் அவரும் விடிந்ததுமே சின்ன வண்டியில் போய்விட்டோம். அத்தையும் சுமலதாவும் பிறகு கிளம்பினார்கள். அரியாங்குப்பத்தில் வண்டிகள் வரிசை கட்டி நகராமல் நின்றிருக்கின்றன. அத்தைக்கு வேர்க்கிறதென்று ஏசி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நடு ரோட்டில் நின்றுபோய்விட்டது. பின்னால் ஹாரன், போலீஸ்காரரின் திட்டு, தள்ள வந்தவர்களின் சிரிப்பு. அத்தை அரக்குப் பட்டோடு இறங்கி, அந்த முட்டியை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

தேர் கிளம்பும்போது அத்தை வடத்தைத் தொட வேண்டும். கல்யாணமாகி வந்த பிறகு ஒரு வருடமும் தவறியதில்லை, என் மாமனார் இறந்த வருடம்கூட. "அம்மா எங்க வராங்களாம்?" என்று அவர் போனை எடுத்து எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வடத்தைத் தொட்டேன். அத்தை வந்து சேரும்போது தேர் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டிருந்தது.

பிறந்த வீட்டார் அத்தனை பேர் நடுவிலும் அத்தை சுமலதாவைக் கேட்டார். "பெரியவ ஓட்டுனப்ப ஒரு வருசம் இப்படி ஆனதுண்டா? வண்டி இருந்தா ஆச்சா, புத்தி வேணாமா?"

"சார்ஜ் போட்டுதான் வச்சேன் அத்த. ராத்திரி கரண்ட் போயிருக்கும். போயிட்டு வர பத்தும்னு நெனச்சுட்டேன்" என்று அவள் அழுதாள்.

இந்த வார்த்தையை அத்தை வாயிலிருந்து கேட்கத்தானே மே மாதத்திலிருந்து ஆசைப்பட்டேன். கேட்டாயிற்று. திரும்பும்போது அத்தை சின்ன வண்டியில், என் பக்கத்தில். முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

16 ஆகஸ்ட், சனி

கலைச்செல்வன் வண்டிக் கம்பெனியில் கேட்டுவிட்டான். கரண்ட் போகவில்லை, போன் ஆப்பிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். நேராகக் கீழே வந்தான். நான் சமையலறையில் இருந்தேன். வெளியே வரவில்லை.

"ண்ணா, ஆப் ஒங்க போன்லதான இருக்குது?"

"ஆமாண்டா. நான்தான். தெரியாம கை பட்டுடுச்சு" என்றார் இவர்.

"கை பட்டுச்சா, வயிறு எரிஞ்சுதா? திருப்பி வேணும்னா வாய்விட்டு கேட்டிருக்கலாம்ல. சுமலதாவ நடுரோட்ல அழவச்சிட்டீங்க."

இவருக்குப் பொறாமை! பக்கத்து இலையில் என்ன விழுந்தது என்று ஒரு நாளும் பார்க்காத மனிதர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தம்பி போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் பண்ணலன்னா வேற யாருன்னு கேப்பான். என்ன சொல்றது?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பெத்தாங் குண்டுப் பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு படிக்கட்டின் கீழ் நின்றார். தம்பி இறங்கி வரவில்லை. பையை உள்ளே வைத்துவிட்டுத் தொலைக்காட்சி போட்டுக்கொண்டார்.

21 ஆகஸ்ட்

ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் கலியமூர்த்தி வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பி அவரிடம் சொல்கிறானாம், தம்பிக்குச் சொல்ல வேண்டியதை இவரும் அவரிடமே. "ஒரே ரூம்ல உக்காந்துகிட்டு என்ன நடுவுல வச்சு பேசுறாங்கம்மா" என்று நொந்துகொண்டார்.

அத்தை இப்போதெல்லாம் எதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார். மாடிப் பக்கம் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. "நீ இருக்கக் கண்டுதான் இந்த வீடு ஓடுது" என்கிறார். சாப்பாடு இறங்கவில்லை.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. வருடா வருடம் அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் போய்க் களிமண் பிள்ளையார் வாங்கி வருவார்கள், பெரிசா சின்னதா என்று கடை வாசலிலேயே ஒரு சண்டை போட்டு. இன்று இவர் ஒன்று வாங்கி வந்தார். பின்னாலேயே கலைச்செல்வன் ஒன்றோடு வந்தான். மாமனார் கட்டிய வீட்டுக்குள் இரண்டு பிள்ளையார். அத்தை இரண்டையும் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னால் முடியவில்லை. போர்டிகோவில் எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "சார்ஜ நிறுத்துனது அவரு இல்ல. நான். வேணும்னுதான் நிறுத்துனேன்."

கலைச்செல்வன் பிள்ளையாரைக் கையில் வைத்தபடி நின்றான். சுமலதா என்னையே பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

"எதுக்குடி?" என்றார் அத்தை.

"பொறாமை அத்தை."

"சொல்ல வெக்கமா இல்ல?"

"இருக்குது."

அத்தை உள்ளே போய்விட்டார். சுமலதா மாடிக்குப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கலைச்செல்வன்தான் இவரிடம், "நீங்களாவது சொல்லக்கூடாதாண்ணா? நான் என்னென்னமோ பேசிட்டேனே" என்றான். இவர், "பிள்ளையார உள்ள வைடா மொதல்ல" என்றார்.

இரண்டையும் ஒரே பலகையில் வைத்துக் கும்பிட்டோம். கொழுக்கட்டையை நான்தான் பிடித்தேன். அத்தை தொடவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

அத்தை சுமலதாவோடு பெரிய வண்டியில் கோயிலுக்குப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

அண்ணனும் தம்பியும் ஆடப் போனார்கள். சின்ன வண்டியில். திரும்பி வரும்போது இருவருக்கும் நல்ல பசி. தம்பி "அண்ணி, எனக்கும் ரெண்டு தோசை" என்று உட்கார்ந்தான். ஊற்றி ஊற்றிப் போட்டேன்.

20 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனி. காலையில் சுமலதா படிக்கட்டில் நின்று, "அக்கா, ஆப்ப என் பேருக்கு மாத்துறேன். ஒங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றாள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிறகு அவள் என்னிடம் பேசும் முதல் பேச்சு. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அவள் தட்டிக்கொண்டாள். என் போனிலிருந்து வண்டிப் படம் போய்விட்டது. இவ்வளவு நடந்த பிறகும் உள்ளே சுருக்கென்றது.

"வந்துடுச்சு" என்றாள். போகாமல் நின்றாள். "அத்தையும் நானும் பஞ்சவடி கோயிலுக்குப் போறோம். பின்னாடி எடம் இருக்குது. வரீங்களா?" முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

கட்டியிருந்த புடவையோடு போய் ஏறினேன். இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன், பின் சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கால் நீட்ட எவ்வளவு இடம்! அத்தை வழியெல்லாம் சுமலதாவோடுதான் பேசிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பாமல், "ஏசி அங்க வருதாடி?" என்று கேட்டார். வருகிறது என்றேன்.

சுமலதா வளைவுகளில் கொஞ்சம் லேட்டாகத் திருப்புகிறாள். லாரிக்குப் பின்னால் ரொம்ப ஒட்டிப் போகிறாள். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.