‘கவனித்தல்’ கற்பிக்கும் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
ஆசிரியை, சிறுபிள்ளைகள் வகுப்பு,
நகராட்சி மழலையர் பள்ளி.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
ஆசிரியர் பயிற்சிப் பிரிவு.

பொருள்: என்னைப் பயிற்றுநராக நியமித்த ஆணையை ரத்து செய்யவும், கையேட்டில் உள்ள ‘கவனிக்கவும்’ என்ற சொல்லை மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெவ்வேறு நாடுகளிலிருந்து நிபுணர்கள் வந்து எங்களுக்கு அளித்த பயிற்சிகள் எதையும் நான் தவறவிட்டதில்லை. ஒரு நாட்டார், அழும் பிள்ளையை உடனே அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு நாட்டார், தானாக அடங்கும்வரை விட்டுவிடச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் கைதட்டினோம். தேநீர் நன்றாக இருந்தது.

2. கடைசியாக வந்தவர்கள் ஒரு கையேடு தந்தார்கள். அதை மொழிபெயர்த்தவர், ‘குழந்தை அழும்போது ஆசிரியர் கவனிக்கவும்’ என்று எழுதியிருந்தார். எங்கள் வகுப்பில் பிள்ளையைக் கவனிப்பது என்றால் மூக்கைத் துடைப்பது, நனைந்த கால்சட்டையை மாற்றுவது, தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வது. கையேட்டின்படி நடக்கிறோமா என்று பார்க்கும் மதிப்பீட்டு நாளன்று, அடுக்கிய கட்டைகள் சரிந்துபோனதால் ஒரு சிறுவன் அழுதான். அவனைக் கட்டெறும்பு என்று கூப்பிடுவோம். தூக்கிக்கொண்டேன். மதிப்பீட்டாளர் பூஜ்யம் போட்டார்.

“நீங்க கவனிக்கவே இல்லையேம்மா, தூக்கிட்டீங்களே” என்றார். “கவனிச்சதாலதான் சார் தூக்கினேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிட்டே போகாமல் உற்றுப் பார்த்துக் குறிப்பெழுதுவதே கவனித்தல் என்று பின்னர் விளக்கப்பட்டது. மறுபயிற்சிக்கு அனுப்பப்பட்டேன்.

3. மறுபயிற்சியில் நன்றாகத் தேறினேன். அடுத்த மதிப்பீட்டின்போது கட்டெறும்பு பெஞ்சிலிருந்து விழுந்தான். மோவாயில் ரத்தம் வந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் பேனாவும் கையுமாக மரம் மாதிரி நின்றேன். ‘கையை நீட்டுகிறான், ஆசிரியரைப் பார்க்கிறான்’ என்று எழுதினேன். ஆயாதான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆயாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

4. மாலையில் அவனை அழைத்துப்போக வந்த தந்தை, “டீச்சர், புள்ளையக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் கொடுத்த புகாரின்மேல் அலுவலகத்தில், ‘பெற்றோருக்கு விழிப்புணர்வு தேவை’ என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டதாக அறிகிறேன். அதைக் கேட்டு எனக்குக் கோபமாவது அழுகையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை. வீட்டில் என் மகள் காய்ச்சலில் முனகியபோதுகூட, நெற்றியைத் தொடாமல் சற்று நேரம் நின்று பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

5. கட்டெறும்பு இப்போது விழுந்தால் அழுவதில்லை. எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை நிற்கிறான். ‘தன்னம்பிக்கையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று பள்ளியின் அறிக்கையில் வந்துள்ளது.

6. இந்நிலையில், மற்ற பள்ளிகளின் ஆசிரியைகளுக்கும், அதன்பின் அயல்நாட்டு ஆசிரியைகளுக்கும் கவனித்தலைக் கற்பிக்க என்னைத் தேர்ந்தெடுத்து ஆணை வந்திருக்கிறது. பெரிய கௌரவம் என்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். நானும் கையைக் கொடுத்தேன்.

ஆகவே, கையேட்டில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘பார்த்துக்கொண்டு நிற்கவும்’ என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படிப்பவர்களுக்குத் தங்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். ஆயாவின் மீதான நடவடிக்கையைக் கைவிடுமாறும், எனது பயிற்றுநர் ஆணையை ரத்து செய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது என்பது காரணமல்ல. நன்றாகவே வரும். நான் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
ஆசிரியை

இடம்: சிறுபிள்ளைகள் வகுப்பறை
நாள்: பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை