மாடியில் வைத்த காற்று மெஷின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், சௌக்கியமா இல்லையா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நீ, மாப்பிள்ளை, நம் வாலு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள், அவனுக்கு இழுப்பு குறைந்ததா?

லீவுக்கு அவனைக் கூட்டி வந்தால் இந்தக் காற்று ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாயே, அதுதான் இங்கே பெரிய குழப்பமாகிவிட்டது. நம் மொட்டை மாடியில் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்காரர்கள் காற்றில் உள்ள அழுக்கை அளக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள், அது நாள் பூராவும் காற்றை உறிஞ்சுகிறது, உள்ளே வட்டமாக ஒரு வெள்ளைத் தாள், அதில் படிவதைச் சோதனைக்கூடத்தில் பார்க்கிறார்கள். கந்தகப் புகையிலிருந்து உண்டாகும் சல்ஃபேட்டைத் தேடுகிறோம் என்று தாள் மாற்ற வரும் பெண் சொன்னாள். நல்ல கணக்கு வந்தால் நீ பேரனோடு வருவாய் என்று தெருவையே கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் யாரையும் குப்பை கொளுத்த விடவில்லை, நானும் விறகடுப்பைத் தொடவில்லை, உன் மாமா முணுமுணுத்துக்கொண்டே செங்கல் சூளைக்குத் தீ வைப்பதைத் தள்ளிப் போட்டான், அப்பாவின் சுருட்டுக்கும் தடை. விருந்தாளி வருகிற வீடு மாதிரி தெருவே பளிச்சென்று இருந்தது.

தாளும் முன்னைவிட வெள்ளையாக வந்தது, எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேற்று முடிவு வந்தது, கரி குறைந்ததாம், சல்ஃபேட் மட்டும் அப்படியே இருக்கிறதாம், அது கண்ணுக்குத் தெரியாதாம். உன் தம்பி திருட்டுத்தனமா சூளையைக் கொளுத்தியிருப்பான் என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்த, உன் மாமா வந்து எகிற, இப்போது இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அந்தப் பெண்தான் நடுவில் புகுந்து, சூளையிலும் கொஞ்சம் வரும், ஆனால் முக்கால்வாசி எங்கோ நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களில் கிளம்பி, வழியிலேயே சல்ஃபேட்டாக மாறி, காற்றோடு நாள்கணக்கில் பயணம் செய்து வருகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினாள். புகை போகிற வழியில் எப்படி வேறொன்றாக மாறும், எனக்கு மண்டையில் ஏறவில்லை. சரி எந்த வழியாக வருகிறது என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் கோடு உங்கள் ஊர் மேலேயே வருகிறது.

உன்னை வா என்பதா வராதே என்பதா, தெரியவில்லையடி. குழந்தையை இந்தக் காற்றுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று நான் பயந்துகொண்டிருக்கிறேன், அவன் மூச்சைத் தாண்டித்தானே அது எங்களிடம் வருகிறது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அவன் பள்ளிக்கூடப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தினமும் பார்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா