எஸ்தர் அக்காவின் ஜெபம்

ஞாயிறு, இரவு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் மாதர் கூட்டத்தில் பேசினேன். சிறுமியாக நாஜிகளிடமிருந்து தப்பி, அகதியாக வளர்ந்த ஒரு யூதப் பெண்ணைப் பற்றி. பத்திரிகையாளராகிப் போர்களை எழுதி எழுதி மனம் கசந்தவர். கடைசியில் சமாதானம் கேட்டு, குண்டு விழுந்த பாலஸ்தீன வீடுகளின் முன்னால் போய் நின்றவர். அதற்காகத் தன் சனத்திடமே வசவு வாங்கியவர். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது என்று நம்பினேன்.

கூட்டத்தை நடத்தும் எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுகினே இருக்கலாம் போல இருந்துச்சு டீச்சர். யூதருங்கன்னா நம்ம வேதத்து ஜனமாச்சே!"

"அக்கா, அவங்க சண்டையே வேணாம்னு சொன்னவங்க."

"அதான் டீச்சர். யூதருங்க ஜெயிச்சுட்டா சண்டை தானா நின்னுடும்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "ஜல்தியா ஜெபம் பண்ணுங்கக்கா. செய்யாறு கம்பெனி ஷிப்ட் பஸ் வந்துடும், அவரு சாப்பாடு கேப்பாரு."

அக்கா பட்டு முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே, யூத தேசத்துக்கு ஜெயம் கேட்டார். சத்துருக்களை நிர்மூலமாக்கும்படி உருகி உருகிக் கேட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தினமும் ரசம் வைத்துக் கொண்டுவந்தவர் இவர். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜெபம் முடிந்தது. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

என் வாயும் சொன்னது.