கயிற்றில் அளந்த கேம் ஷாப்ட்

1971, ஐப்பசி, புதன் இரவு.

என் டாக்சி எஞ்சினில் வால்வுகளைத் தூக்கும் கேம் ஷாப்ட் தேய்ந்துவிட்டது. வேறு வாங்க இன்று ரயிலேறிப் பட்டணம் போனேன். பழையதை மாதிரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு வெள்ளைச் சட்டையில் படுமே என்று, சணல் கயிற்றில் நீளத்தை மட்டும் அளந்துகொண்டு போன மேதை நான். கும்மிடிப்பூண்டி திரும்பியதும் மெக்கானிக் ஏசுதாஸ் நான் வாங்கி வந்த புது ஷாப்டை எஞ்சினுக்குள் செருகினார். பாதியில் நின்றுவிட்டது.

"நீளம் சரிதான் அண்ணே. தடிமனை யாரு பாக்கறது?" என்றார்.

வீட்டில் மனைவி விடவில்லை. "பொண்ணு வளைகாப்புக்குப் பழைய வளையலை எடுத்துக்கினு போய்த்தானே வாங்கினு வந்தே? இதுக்கு மட்டும் இன்னாய்யா கயிறு?"

மகளுக்கு இது நிறைமாதம். ஆஸ்பத்திரிக்கு நம் வண்டியிலேயே போகலாம் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டவன் நான்தான். காலை முதல் ரயிலுக்குப் பழைய ஷாப்டைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை.

"நாளைக்கு வரைக்கும் தாங்குவேன் நைனா, சரியானதா வாங்கிக்கினு வா" என்று சாப்பிடும்போது மகள் சிரித்தாள். சிரித்தபோது இடுப்பில் கை வைத்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.