உள்பக்கம் வெட்டிய எழுத்து

மதினி,

பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. இன்று காலை ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்கக் குடம் வாங்கப் போனேன். கடைக்காரர் குடத்தை மடியில் கவிழ்த்து உளியைத் தட்டத் தொடங்கினார். மணமக்கள் பேரை வெட்டி முடிக்கும்வரை என்னால் உள்ளே இருக்க முடியவில்லை; தெருவில் வந்து நின்றுகொண்டேன். நீங்களும் நானும் ஒருநாள் சண்டை போட்ட அதே வாசல்தான்.

அப்போது கோமதிக்கு ஏழு வயது. என் மகளுக்குச் சர்க்கரை வியாதி என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னபோது, அது கிழடுகளுக்கு வருகிற நோய் என்று கோவில்பட்டியே எனக்குப் பாடம் நடத்தியது. காலையும் மாலையும் ஊசி. ஊசி மருந்தை மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவில் மிதக்கவிட்டுக் காத்தேன். "ஊசி போட்டு நேரத்துக்குச் சாப்பிடலைன்னா சர்க்கரை இறங்கி மயங்கிருவா. யாரும் பக்கத்துல இல்லாதப்ப விழுந்தா அடுத்தவங்களுக்குத் தெரியணும். கையில எழுதிப் போடுங்க" என்றார் டாக்டர். வெளியூர்களில் இதற்கென்றே வளையம் விற்கிறதாம். நம் ஊரில் ஏது? எவர்சில்வர் காப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். குடத்தில் பேர் வெட்டுகிறவர் காப்பில் வெட்டமாட்டாரா?

நீங்கள் பசுவந்தனையிலிருந்து வந்திருந்தீர்கள். தம்பி மகள் என்றால் உங்களுக்கு உயிர். காப்பில் என்ன எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் கடை என்றும் பார்க்காமல் கத்தினீர்கள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பொட்டப்பிள்ள கையில வியாதிய எழுதி ஊருக்குக் காட்டப் போறியா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"பிள்ள உயிரோட இருந்தாத்தானே மதினி பொண்ணு கேக்க வருவான்?"

நான் பதிலுக்குப் பதில் பேசுகிறவள்தான். ஆனால் அன்று ஜெயித்தது நீங்கள். 'சர்க்கரை வியாதி. மயங்கினால் சீனி கொடுக்கவும்' என்ற எழுத்தைக் காப்பின் உள்பக்கம் வெட்டச் சொன்னீர்கள். வெளியே மொழுமொழு என்று வெறும் காப்பு. கோமதி தூங்கும்போது காப்பை ஒதுக்கிப் பார்ப்பேன். புள்ளி புள்ளியாக அந்த எழுத்து அவள் மணிக்கட்டில் சிவப்பாகப் பதிந்திருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

மறு வருஷம் உங்கள் ஊர் அம்மன் கோவில் கொடை. அந்த வருஷமும் மழை இல்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது. பிள்ளைகளின் செருப்பு அதற்குள் விழுந்தால் எடுக்க முடியாது. உச்சிப் பூஜை முடிந்துதான் சாப்பாடு என்றார்கள். பூஜை தள்ளிக்கொண்டே போனது. நான் பொங்கல் பானைப் பக்கம் இருந்தேன். கோமதி மேளக்காரர்களுக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று குலவைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். என் பிள்ளை கால் தடுமாறி ஆடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை, கண் எங்கேயோ சொருகியிருந்தது. "அம்மா எறங்கிட்டா! பிள்ள மேல அம்மா எறங்கிட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். உறுமி அடிக்கிறவன் அவளிடமே வந்து முழக்கினான். யாரோ மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். "தண்ணி ஏதாச்சும் குடிக்கக் குடுங்க" என்று ஒரு கிழவர் சொன்னார். "கையில காப்பப் பாக்கலையா? விரதம் இருக்க பிள்ள. வாயில ஒண்ணும் வச்சிராதீங்க" என்று இன்னொருத்தர் தடுத்தார். உயிரைக் காக்கப் போட்ட காப்பு, மதினி. அதைக் காட்டித்தான் தடுத்தார்கள்.

நான் ஓடினேன். பெண்கள் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள், பக்தியோடு, அன்போடு. பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று ஒருத்தி என் காலைத் தொட்டாள். ஒரு பெரியவர் என் மகளுக்கு முன்னால் கைகூப்பி நின்று, "சொல்லு தாயி, மழை எப்ப தருவ?" என்று கேட்டார். எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கோமதியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. 

அப்போதுதான் நீங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தீர்கள். உறுமிக்காரனை ஒரு தள்ளு. கோமதி கையிலிருந்த காப்பை உருவி, உள்பக்கம் தெரிய அந்தப் பெரியவர் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள்.

"வாசிங்க! எழுதியிருக்கில்லா, வாசிங்க! எங்க பிள்ளைக்கிச் சக்கர வியாதி. சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெலகுங்க!"

எந்த ஊருக்குத் தெரியக்கூடாது என்றீர்களோ, அந்த ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினீர்கள். படையலில் இருந்த வெல்லத்தைக் கிள்ளி அவள் கன்னத்துக்கு உள்ளே வைத்துத் தேய்த்தீர்கள். நான் தண்ணீரில் கரைத்து ஊற்றப் போனேன். "ஊத்தாத, பொறை ஏறிரும். ஈறுல தேச்சா உள்ள போயிரும்" என்று என் கையைத் தட்டிவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் கோமதி கண் விழித்து, "அம்மா, பசிக்கு" என்றாள். நான் உங்கள் காலில் விழுந்து அழுதேன்.

மறுநாள் நீங்களே பாத்திரக்கடைக்கு வந்து அதே எழுத்தை வெளிப்பக்கம் வெட்ட வைத்தீர்கள். "போகட்டும், கட்டுறவன் தெரிஞ்சே கட்டட்டும்" என்றீர்கள். ஈறில் தேய்க்கிற வித்தை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடம்பூர் போளி வாங்காமல் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. ஆனால் ஒரு போளியைக்கூட நீங்கள் தொட்டதில்லை. "பல்லு கூசுதுட்டி" என்பீர்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பீர்கள். காலில் முள் குத்திய புண் அறுவடை முடிந்தும் ஆறாமல் இருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, வாயுவுக்கு என்பீர்கள்.

சில வருஷம் கழித்து ஓர் ஆடி வெள்ளியன்று விரதத்தோடு கிளம்பி, வழக்கம்போலக் கடம்பூர் சுற்றிப் போளி வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள். கோவில்பட்டி வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் நீங்கள் ஜன்னலில் சாய்ந்தே இருந்தீர்களாம். "அசந்து தூங்குதாவன்னு நெனச்சோம். எழுப்ப மனசு வரல" என்றார் கண்டக்டர். பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண், உங்களுக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து, வெயில்தான் என்று முந்தானையால் விசிறிவிட்டாளாம். போளிப் பொட்டலம் உங்கள் மடியிலேயே இருந்தது. அத்தனை இனிப்பு, ஒரு முழ தூரத்தில்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி ஏற்ற உங்கள் கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். வேறு ஒன்றும் அந்தக் கையில் இல்லை. முந்தானை முடிச்சில் இருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு டாக்டர், "இவங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா?" என்று கேட்டார். உங்கள் தம்பி, "எங்க அக்காவுக்கா? இல்லையே சார்" என்றார். பொழுது சாய்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

பிறகுதான் உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி சொன்னார். "யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. பிள்ளைக்கி இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அத்தைக்கும் இருக்குன்னா, பரம்பரைச் சீக்குன்னு ஒதுக்கிருவாவன்னு பயந்தா."

உங்களைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை, மதினி. என் பிள்ளையின் எழுத்தை வெளியே திருப்பிவிட்டு, உங்களுடையதை எங்கே வைத்தீர்கள்?

கோமதி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பெரிய காப்பு, எழுத்து வெளியே. என் பையில் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கிறது. பஸ்ஸில் யாராவது ஜன்னலில் சாய்ந்து தூங்கினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை, தட்டி எழுப்பிவிடுகிறேன். "தூங்கவிட மாட்டியாம்மா?" என்று எரிந்து விழுவார்கள். அந்த வசவு காதில் விழுந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

போன வாரம் கயத்தாறு தாண்டி ஒரு பெண்ணைத் தட்டினேன். உடனே அவள் விழிக்கவில்லை. அவள் கண் திறப்பதற்குள் அவள் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வளையல்தான் இருந்தது, மதினி.