உடைபடாத செப்புக்குழல் குறித்துக் காரி விடுத்த ஓலை

திரு ஓங்குக. துறை ஏழும் கலம் நிறைந்து பொலிக. வெண்கூடல் நாட்டை ஒரு குடைக்கீழ்க் காக்கும் ஆழிவேந்தரின் அருகிருந்து மன்றம் நடத்தும் பேரமைச்சர் ஆலங்குடையார் திருமுன்னுக்கு, நாற்பத்திரண்டு ஆண்டு கடலோடி நரைத்த கலநாயகன் காரி, தென்கோடிக் கருங்கழிக் குடியிருப்பிலிருந்து தலைவணங்கி விடுக்கும் ஓலை. அமைச்சரும் அவர் மனையும் நோயின்றி வாழ்க. ஏடறியாத காரி சொல்லச் சொல்ல ஓலைநாயகம் எழுதியது இது. எழுதியதை வேறிருவர் தனித்தனியே வாசித்து, இரண்டும் ஒத்திருக்கக் கேட்ட பிறகே முத்திரை வைக்கப்படுகிறது. ஓலைநாயகத்துக்கு இதில் வருத்தம். இருக்கட்டும்.

காரியை அனுப்பிய காரணம் அமைச்சர் அறிந்ததே; ஆயினும் மன்றத்தில் இவ்வோலையைக் கேட்போர் பொருட்டு அதை முதலில் சொல்லிவிடுவது முறை. குற்றம் செய்து நாடு கடத்தப்பட்ட முந்நூறு பேரைத் தென்கடற்கரையில் குடியேற்றிய நாடுகாவலர் பூதனார், நான்காண்டுக்கு முன் நெல் கொண்டுவரக் கலமேறியவர், எந்தக் கரையும் சேரவில்லை. போகும்போது, துணைக்காவலர் அழிசியின் கையில் அரக்கு முத்திரையிட்ட செப்புக்குழல் ஒன்றைக் கொடுத்துச் சென்றார். நாடுகாவலர் இறந்தது ஐயமறத் தெரிந்தாலன்றி அதை உடைக்கலாகாது என்பதும், உள்ளிருக்கும் ஓலையே துணைக்காவலருக்கு ஆளும் உரிமை அளிக்கும் என்பதும் வேந்தர் ஆணை.

பின்னர் வணிகர் வாயிலாகச் செய்திகள் வந்தன. அழிசி குடியிருப்பையே பெயர்த்துக் கருங்கழி ஆற்றுக்குக் கொண்டுபோனான் என்றார்கள். கைதிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தான் என்றார்கள். நாடுகாவலரின் பேரிருக்கையில் ஏறிக் கைதிகள் தோளில் எட்டு நாள் ஊர்வலம் வந்தான் என்றும் சொன்னார்கள். அதன்மேல் வேந்தர் தம் கணையாழியைக் காரியிடம் தந்து, கண்டவிடத்தே முடிவு செய்க என்றார். குழல் உடைந்திருந்தால் அழிசி வேந்தர் உரிமையைத் திருடியவன், விலங்கிட்டுக் கொணர்க. உடையாதிருந்தால் அவன் இட்ட ஆணை எதற்கும் வலுவில்லை. ஆற்றின் அக்கரைக் காட்டைத் தொடமாட்டோம் என்று அவன் அந்நிலத்துப் பழங்குடிகளான கழிமக்களுக்குக் கொடுத்த வாக்கையும் தள்ளி, அங்கே பாய்மரம் வெட்டுக.

எப்படிப் பார்த்தாலும் அழிசிக்குக் கேடுதான். காரிக்கு அது உறுத்தவில்லை. கேட்பாரற்ற இடத்தில் ஆளுகிறவன் கை சுத்தமாயிருப்பான் என்று நம்பும் வயதை அவன் எப்போதோ கடந்தவன். விலங்கை எண்ணெய் பூசித் துடைத்தே எடுத்துவந்தான்.

வழியில் பவழத்திட்டு ஒன்றில் உடைந்த கலமும், மணல் மூடிய எலும்பும், ஒரு மோதிரமும் கிடைத்தன; மோதிரத்தில் பூதனாரின் பெயர் இருப்பதை ஓலைநாயகம் படித்துச் சொன்னார். மோதிரத்தைக் காரி மடியில் முடிந்துகொண்டான், கருங்கழியில் எவரிடமும் சொல்லவில்லை. முதலில் ஆளைப் பார்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

கருங்கழியில் அவனை எதிர்கொண்டவர் மெலிந்து, ஒரு கண் பூத்துப்போன மனிதர். அவர்தாம் அழிசி. நலம் கேட்காமலே, பேரிருக்கை எங்கே என்றான் காரி. மன்றுக்கொட்டகைக்கு அழைத்துப்போனார்கள். மேடைமேல் பேரிருக்கை, மேடைக்குக் கீழே காலொடிந்து கட்டுப்போட்ட முக்காலி ஒன்று. காரிக்கு எழுத்துத் தெரியாது, மரம் தெரியும். பேரிருக்கையின் கைப்பிடியை உள்ளங்கையால் தடவினான். தச்சன் விட்ட சொரசொரப்பு அப்படியே இருந்தது. மனிதக் கை நான்காண்டு பட்ட மரம் அப்படி இராது. இருக்கையின் மூலையில் சிறு குருவி ஒன்று கூடு கட்டி, மூன்று முட்டை இட்டிருந்தது. முக்காலியோ எண்ணெய் தேய்த்தாற்போல் வழவழத்துக் கிடந்தது.

காரி அப்போதும் நம்பவில்லை. கலம் வருவதைக் கண்டு கூட்டை எடுத்து வைத்திருக்கலாம் அல்லவா? எனவே அழிசியை வெளியே நிறுத்திவிட்டு, கைதிகளை ஒவ்வொருவராக அழைத்தான். அவர்கள் வாய்மொழியைத் திருத்தாமல் எழுதுமாறு ஓலைநாயகத்துக்குக் கட்டளை.

கோயில் நெய் களவாடியதற்காக நாடு கடத்தப்பட்ட நக்கை என்பவள் முதலில் வந்தாள். துணைக்காவலர் பேரிருக்கையில் ஏறி வந்தது மெய்யா என்று கேட்டான்.

"ஏறி வந்தாரா? நல்லாக் கேட்டீங்க போங்க! அந்தப் பாழாப்போன நாற்காலிய எட்டு நாளு மணல்ல நாங்கதான் தூக்குனோம். பழைய கரையில கிணறெல்லாம் உப்பாப் போச்சு, குடிக்கத் தண்ணியில்ல, பதினோரு பேரு செத்துட்டாங்க. தூக்கி எறிஞ்சிட்டுப் போவோம்னு நான் சொன்னேன். அது எசமானரோடது, வந்து கேட்டா என்ன சொல்றதுன்னாரு. அவரும்தான் அதுல ஒரு கால் பிடிச்சாரு. இந்தாப் பாருங்க, தோளுல தழும்பு."

ஏறி அமர்ந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்றான் காரி.

"யாரு கேக்கப் போறா? நானே சொன்னேனே, ஒக்காருங்கய்யா, ஒரு நாளாச்சும் நெஞ்ச நிமித்தி ஒக்காருங்கன்னு. மொறைச்சாரு பாருங்க ஒரு மொறை! எந்த உத்தரவு போட்டாலும் அந்த வெறும் நாற்காலியப் பாத்து எந்திரிச்சு நிப்பாரு. நாடுகாவலர் வந்து மாத்துற வரைக்கும்னு ஒரு வார்த்த சேத்துக்குவாரு. எனக்கு நெலம் குடுத்தப்பவும் அப்படித்தான். நாலு வருசமா நெலம் எனக்கா, நாடுகாவலருக்கான்னு தெரியாமலே உழுதுக்கிட்டிருக்கேன்."

அடுத்து வந்தவர்களும் அதையே வேறு வேறு வசவுகளோடு சொன்னார்கள். கூட்டாகக் கற்றுக்கொண்ட பொய் ஒரே சொல்லில் வரும். இது அப்படி வரவில்லை.

அன்று பிற்பகல் கழிமக்களின் தலைவர் உரான், மரப்பட்டைத் தோணியில் அக்கரையிலிருந்து வந்தார். நம் மக்கள் கால் வைக்கும் முன்பே அந்நிலத்தில் நூறு தலைமுறை வாழ்ந்தவர் அவர்கள். அக்கரைக் காடு அவர்கள் முன்னோரைப் புதைத்த இடம். இக்கரையில் நீர் எடுங்கள், அக்கரையில் கால் வைக்காதீர்கள் என்பதே அழிசியோடு அவர் செய்த உடன்பாடு. அவர் மொழி கற்ற கைதி ஒருவன் பெயர்த்துச் சொல்லக் காரி கேட்டான்: முந்நூறு பேரோடு வந்த அயலானை எதை நம்பி இருக்கவிட்டீர்?

உரான் பேரிருக்கையைக் காட்டினார். யாரும் அமராத இடம் இறந்தவருடையது என்று எங்களுக்குத் தெரியும். இந்த மனிதர் எங்களிடம் வாக்குக் கொடுக்கும் முன் தம் இறந்தவரிடம் எழுந்து நின்று கேட்டார். இறந்தவரைக் கேட்டுப் பேசுகிறவர் எங்கள் இறந்தவரை மிதிக்கமாட்டார் என்று இருக்கவிட்டோம் என்றார்.

காரியின் மடியில் மோதிரம் கனத்தது. அதற்குமேல் ஒளிக்க மனம் வரவில்லை. எல்லாரையும் கூட்டி, மோதிரத்தை எடுத்து அழிசியின் கையில் வைத்தான். பார்வை இருந்த ஒரு கண்ணருகே அதைப் பிடித்துப் பெயரைப் படித்த அழிசி, இருக்கையை நோக்கித் தரையில் விழுந்து வணங்கினார். எழுந்து உள்ளே போய்ச் செப்புக்குழலைக் கொண்டுவந்தார். அரக்கு மயிரிழையளவும் வெடிக்கவில்லை. இப்போது உடைக்கலாம், தாங்களே உடையுங்கள் என்று காரியிடம் நீட்டினார்.

காரி உடைத்துக் கவிழ்த்தான். ஓலை வரவில்லை. பழுப்புத் தூள் ஒரு பிடி வந்தது. முத்திரையிடும் முன்பே உள்ளே புகுந்து அடைபட்ட பூச்சி, ஓலையை முழுதும் அரித்துவிட்டுத் தானும் செத்துக் கிடந்தது. ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

அழிசி அந்தத் தூளைக் குனிந்து பார்த்தார். பிறகு காரியைப் பார்க்காமல், எவரையும் பார்க்காமல் சொன்னார்: "அப்போ, இத்தனை வருசமும் நான் யாரா இருந்தேன்?"

நக்கைதான் சொன்னாள். "யாரா இருந்தீங்களா? கிணறு வெட்டு, கிணறு வெட்டுன்னு எங்க உசிர வாங்குன மனுசனா இருந்தீங்க. வேற யாரு?"

மலைபோல் எழுந்த அலையைக் காரி பார்த்திருக்கிறான். கடலுக்குள் தீ எரியக் கண்டிருக்கிறான். அப்போதெல்லாம் சுக்கானை விடாத கையால் அன்று அந்தத் தூளை ஒரு துகளும் சிந்தாமல் அள்ளினான். படை இல்லை, காப்பு இல்லை, உரிமை தரும் ஓலையும் இல்லை. களவும் கொலையும் செய்து வந்த முந்நூறு பேர், மேலே ஒருவர் இருக்கிறார் என்று மெய்யாகவே நம்பித் தாழ உட்கார்ந்த ஒரு மனிதரின் சொல்லுக்கு நான்காண்டு அடங்கியிருக்கிறார்கள். கொண்டுவந்த விலங்கைக் காரி அன்றே கழியில் எறிந்தான். அதன் பொறுப்பு அவனுடையது.

ஆதலால் வேந்தர் கணையாழியின் பேரால் காரி இட்ட ஆணையாவது: அழிந்த ஓலையின் இடத்தில் இவ்வோலையே நிற்கும். பூதனார் கலமேறிய நாள்முதல் அழிசி சொன்ன சொல் அனைத்தும் வேந்தர் சொல். நக்கை உழும் நிலம் நக்கையுடையது. அக்கரைக் காட்டில் ஒரு சுள்ளியும் ஒடிக்கப்படாது. பாய்மரம் வேண்டுமென்றால் அமைச்சர் வேறு கரை பார்க்க. அழிசி இன்றுமுதல் கருங்கழியின் நாடுகாவலர். இதில் ஒன்றை மட்டும் அவர் ஏற்கவில்லை: முட்டை பொரிந்து குஞ்சு பறக்கும்வரை முக்காலியிலேயே இருப்பாராம். காரி வற்புறுத்தவில்லை.

இதில் பிழை இருப்பின் காரியின் தலை கேட்கப்படுக; அது நரைத்த தலை, பெரிய இழப்பில்லை. செப்புக்குழலில் அதே தூளை மீள அடைத்து, மேலே வேந்தர் கணையாழியை அழுத்தி, இவ்வோலையோடு அனுப்பியிருக்கிறான். இனித் துணைக்காவலராய்க் கடல்கடந்து போகும் ஒவ்வொருவரும் புறப்படும் முன் அதை மன்றத்தில் திறந்து, உள்ளே இருப்பதைத் தம் கையில் ஏந்திப் பார்த்துவிட்டே கலமேறுக.

வெண்குடை நிலைக்க. இது காரி சொல். கணையாழி இட்டது.