உங்களுக்குக் கிடைக்காத தூக்கம்

அண்ணே, பக்கத்து வீட்டில் இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ ஊற்றுகிறார்கள். அந்த வாசத்துக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது. எனக்கும் ஒரு கப் நீட்டினார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு தேயிலைத் தண்ணி தொடக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. அடிபட்ட மூளை தூக்கத்தில்தான் தேறுமாம்.

பல்லேகல ஃபெக்டரிக்கு எங்களை ஏற்றிப்போகும் உங்கள் வேனில் ஒரு சட்டம் இருந்ததே. முன்சீட்டில் ஏறுகிறவள் ட்ரைவரோடு கதைத்துக்கொண்டே வரவேண்டும். "நீ வாய மூடுனா நான் கண்ண மூடிருவேன் தங்கச்சி" என்பீர்கள். எல்லோரும் சிரிப்போம்.

அன்று காலை கடுகண்ணாவையில் வழக்கம்போல நான்தான் முதலில் ஏறினேன். உங்கள் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. விடிய விடிய எயார்போர்ட்டுக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓட்டிவிட்டு அப்படியே வந்திருந்தீர்கள். வேன் முதலாளிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் கெஞ்சினீர்கள்: "ஐயா, இன்னிக்கு மட்டும் வேற ஆள அனுப்புங்க. முடியல." அவன் சொன்னான்: "ஒரு பிளேன்டீ அடிச்சிட்டு ஓட்டுடா. செத்தா போயிருவ?"

நான் வாய் ஓயாமல் கதைத்தேன் அண்ணே, சத்தியமாக. மூன்றாவது வளைவில் உங்கள் தலை சாய்ந்தது, வேன் பாறையில் மோதியது. நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு மண்டை உடைந்தது.

உங்கள் சாவு வீட்டுக்கு அந்த முதலாளி மாலையோடு வந்து, "நான் படுக்கத்தான் சொன்னேன், அவன்தான் கேக்கல" என்று அண்ணியிடம் அழுதானாம், படுபாவி! ஃபோனில் அவன் பேசியதைக் கேட்டது நான் ஒருத்திதான். "மண்டை கலங்குனவ பேச்ச யாரு எடுப்பா?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

கலங்கித்தான் இருந்தது. பகலெல்லாம் தூங்கி வழிவேன், பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் சண்டைக்குப் பழகுகிற மாதிரி தூங்கப் பழகினேன். பொழுது சாய்ந்ததும் ஃபோன் அம்மாவின் அலுமாரிக்குள் போய்விடும். பகலில் அரை மணிக்கு மேல் படுத்தால் என் தங்கச்சி மூஞ்சியில் தண்ணி தெளிப்பாள். ஒன்பதுக்குப் படுக்கை, ஆறுக்கு எழுந்து வாசல் வெளிச்சத்தில் நிற்பேன். பிறகு முதலாளி ஃபோனில் சொன்னதைக் கொப்பியில் எழுதிப் பார்ப்பேன். இப்போதெல்லாம் ஒரு சொல் பிசகுவதில்லை.

நாளைக்குக் கண்டி கோட்டில் சாட்சி சொல்லப் போகிறேன். "விட்ரு, அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்கிறார் அம்மா. உங்களுக்கு மட்டும் பிள்ளைகள் இல்லையா? விடமாட்டேன். நீங்கள் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத தூக்கத்தையும் சேர்த்து இன்றைக்குத் தூங்குவேன். நாளைக்கு அவன் மூஞ்சிக்கு நேரே வாயைத் திறப்பேன். அதற்குப் பிறகு அவன் கண்ணை மூடட்டும், பார்ப்போம்.